மாறாத சொற்கள், மாறிய உரிமைகள்: அரசமைப்புச் சட்டத்தின் பொருள் எப்படி மாறுகிறது?

1954ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமையை இந்திய அரசமைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவர இடமில்லை என்ற பொருளில் தீர்ப்பளித்தது. 1962இல் ஆறு நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மையும் அதையே சொன்னது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று அறிவித்தார்கள். இந்த 63 ஆண்டுகளில் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அல்லாமல் எந்த மனிதரின் உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது என்று கூறும் அந்த ஒற்றை வாக்கியம், 1950 ஜனவரி 26 அன்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது.

இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. நீதிபதிகள் தங்கள் விருப்பத்தைச் சட்டத்தின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள் என்பது ஒன்று. உரிமை தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது, முன்னவர்கள் காணத் தவறியதைப் பின்னவர்கள் கண்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நடந்ததை விளக்க இரண்டும் போதவில்லை. முதல் விளக்கம் முழுக்கச் சரியென்றால், ஒரே நீதிபதிகள் இரண்டே ஆண்டு இடைவெளியில் நேரெதிரான திசைகளில் தீர்ப்பெழுதியதைப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டாவது முழுக்கச் சரியென்றால், கிடைத்த உரிமை பிற்பாடு பறிபோவதை விளக்க முடியாது. யார் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள், பிரிவுகள் தனித்தனியாகப் படிக்கப்படுகின்றனவா ஒன்றுசேர்த்துப் படிக்கப்படுகின்றனவா, பழைய தீர்ப்பு மக்களின் வாழ்வில் என்ன விளைவை உண்டாக்கியது என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதுதான் பொருள் மாறுகிறது என்பது என் கருத்து. அந்த மாற்றம் நிலைக்குமா என்பதோ, பழைய வாசிப்பு ஏன் பிழையானது என்பதற்கு நீதிமன்றம் தரும் காரணத்தின் வலிமையைப் பொறுத்தது. 21ஆவது பிரிவின் கதையைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும்.

அந்தப் பிரிவின் சொற்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் உள்ள ‘உரிய சட்ட நெறி’ என்ற கருத்தே தொடக்க வரைவில் இருந்தது. சட்டத்தின் நியாயத்தையே எடைபோடும் அதிகாரத்தை அது நீதிமன்றங்களுக்கு வழங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் தொழிலாளர் நலச் சட்டங்களை வீழ்த்தியது. ரொட்டிக் கூடத் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கு நியூயார்க் மாநிலம் விதித்த வரம்பை 1905இல் ரத்து செய்தது அவற்றுள் பெயர்பெற்றது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947இன் இறுதியில் அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் நீதிமன்றத்தில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சம் இங்கேயும் இருந்தது. முடிவில், ஜப்பானிய அரசமைப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவை ஒட்டி, ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்ற குறுகலான தொடர் தேர்ந்தெடுக்கப்பட்டது. சபையில் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1948 டிசம்பரில் பேசிய அம்பேத்கர் எந்தப் பக்கமும் சாயாமல், சட்டமன்றத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு, ஐந்தாறு நீதிபதிகளின் மனச்சாய்வை நம்புவதிலும் ஆபத்து உண்டு என்று விளக்கி, முடிவைச் சபைக்கே விட்டார். அடுத்த ஆண்டு, இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்வதற்காகக் கைது, காவல் ஆகியவை குறித்த பாதுகாப்புகளைத் தனிப் பிரிவாகக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22ஆவது பிரிவு. பாதுகாப்பு தர வந்த அதே பிரிவு, விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்கும் தடுப்புக்காவலுக்கும் அரசமைப்புச் சட்டத்தில் இடம் தந்தது.

சோதனை உடனே வந்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை நிறைவேற்றியது. 1947 டிசம்பரிலிருந்து ஏதேனும் ஓர் ஆணையின்கீழ்ச் சென்னை மாகாணச் சிறைகளில் இருந்துவந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன்மீது அந்தப் புதிய சட்டத்தின்கீழ் மீண்டும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1950 மே 19 அன்று வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் மேற்கொண்ட வாசிப்பு எளிமையானது: சட்டமன்றம் முறையாக ஒரு சட்டம் இயற்றி அதில் ஒரு நடைமுறையையும் வகுத்துவிட்டால் 21ஆவது பிரிவு நிறைவேறிவிட்டது, அந்த நடைமுறை நியாயமானதா என்று கேட்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, பேச்சு, நடமாட்டம் முதலிய சுதந்திரங்களைக் காக்கும் 19ஆவது பிரிவு வேறு, 21ஆவது வேறு, 22ஆவது வேறு, ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கலாகாது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம் வெளியிடுவதையே குற்றமாக்கிய ஒரு பிரிவை மட்டும் நீதிமன்றம் செல்லாது என்றது. கோபாலன் விடுதலை பெறவில்லை.

இந்தத் தீர்ப்பை இன்று கண்டிப்பது எளிது. ஆனால் அந்த நீதிபதிகளிடம் வலுவான ஆதாரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் அகன்ற பொருள் தரும் சொற்களைத் தெரிந்தே கைவிட்டிருந்தார்கள். அந்த விவாதம் நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. எழுதியவர்களின் நோக்கமே பொருளைத் தீர்மானிக்க வேண்டும் என்று வாதிடுவோருக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதையும் மீறி நீதிபதி பசல் அலி மாறுபட்டு எழுதினார். அடிப்படை உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பவை, ஒரு மனிதரைச் சிறையில் அடைத்தால் அவருடைய நடமாட்டச் சுதந்திரமும் சேர்ந்துதான் போகிறது, நடைமுறை என்ற சொல்லிலேயே அறிவிப்பு, தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு, நடுநிலையான மன்றம் ஆகியவை அடங்கியிருக்கின்றன என்பது அவர் வாதம். அவர் புதிய உரிமை எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்கும் பிரிவுகளை ஒன்றோடொன்று பேசாதவைபோலப் படிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அடுத்த 28 ஆண்டுகளின் சட்ட வரலாறு, பெரும்பாலும் அந்த மாறுபட்ட தீர்ப்பை நோக்கிய நடைதான்.

அந்த நடை நேர்கோட்டில் அமையவில்லை. 1962இல் தீர்ப்பான கடக் சிங் வழக்கில், போதிய சாட்சியம் இன்றி விடுவிக்கப்பட்ட ஒருவரை உத்தரப்பிரதேசக் காவல்துறை கண்காணிப்பில் வைத்து இரவு நேரங்களில் வீடு தேடிச் சென்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இரவு வருகைகள் செல்லாது என்ற பெரும்பான்மை, மற்றக் கண்காணிப்பை அனுமதித்தது. அந்தரங்கம் என்பது உறுதியளிக்கப்பட்ட உரிமை அல்ல என்றும் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குள் அமைதியாக இருக்கும் சுதந்திரத்தைக் காப்பாற்றிவிட்டு, அந்த அமைதிக்குப் பெயர் தர மறுத்த இத்தீர்ப்பில் உள்முரண் இருந்தது. நீதிபதி சுப்பா ராவ் அதைத் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். 1970இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கில் பதினோரு நீதிபதிகள் அமர்வு, உரிமைகளைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துப் படிக்கும் முறையைக் கைவிட்டது. கோபாலன் தீர்ப்பின் அடித்தளம் இவ்வாறு சொத்துரிமை பற்றிய வழக்கில் தகர்ந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. சிறையில் இருந்த மனிதருக்காக மாறாத வாசிப்பு, வங்கிப் பங்குதாரருக்காக மாறியது. நல்ல வழக்கறிஞர்களை அமர்த்த வல்லவர்களின் கேள்விகளே முதலில் கேட்கப்படுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அந்தக் காலகட்டத்தில் இல்லை.

பிறகு நெருக்கடிநிலை வந்தது. 21ஆவது பிரிவைச் செயல்படுத்த நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நிலையில், சட்டத்துக்கே புறம்பாகச் சிறையில் அடைக்கப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்ற கேள்விக்கு ஒன்பது உயர் நீதிமன்றங்கள் முடியும் என்ற திசையில் பதில் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் முடியாது என்றது. எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். உயிரும் சுதந்திரமும் அரசமைப்புச் சட்டம் வழங்கிய கொடை அல்ல, அது இல்லாவிட்டாலும் சட்டத்தின் ஆட்சி நடக்கும் எந்த நாட்டிலும் அதிகாரம் இன்றி ஒருவர் உயிரைப் பறிக்க முடியாது என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருக்கு இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

21ஆவது பிரிவின் வரலாற்றில் இந்தத் தீர்ப்பே உண்மையான திருப்புமுனை என்று நினைக்கிறேன். சொற்களை இறுகப் பிடித்துப் படிப்பது அடக்கமான, பாதுகாப்பான முறை என்ற நம்பிக்கையை அது உடைத்தது. சட்டம் இயற்றப்பட்டிருந்தால் போதும் என்று 1950இல் சொன்ன தர்க்கம், 26 ஆண்டுகளில், சட்டமே இல்லாவிட்டாலும் கேட்க முடியாது என்ற இடத்துக்கு வந்து நின்றது. எழுதியவர்களின் அச்சம் நீதிபதிகளைப் பற்றியதாக இருந்தது. நாடு கண்ட அனுபவமோ ஆட்சியாளர்களைப் பற்றியதாக அமைந்தது. இந்த அனுபவத்துக்கு முதலில் பதில் தந்தது நீதிமன்றம். 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு வந்தது. அவருடைய கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்த அரசு, பொதுமக்கள் நலன் கருதிக் காரணத்தைச் சொல்ல இயலாது என்றிருந்தது. ஏழு நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மை வகுத்த நெறி, பசல் அலியின் வாசிப்பையும் தாண்டிச் சென்றது: நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் பகுத்தறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும், 14, 19, 21 ஆகிய மூன்று பிரிவுகளின் சோதனையிலும் அது தேற வேண்டும். சென்னையைச் சேர்ந்த நீதிபதி பி.எஸ். கைலாசம் இதில் மாறுபட்டார்.

அந்த அமர்வில் இருந்தவர்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். நெருக்கடிநிலைத் தீர்ப்பின் நான்கு பேர் பெரும்பான்மையில் மூவரான பெக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி ஆகியோர் இதிலும் அமர்ந்திருந்தார்கள். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் பகவதி. 21 மாதங்களில் அவர்களுடைய தத்துவம் தலைகீழாகிவிட்டது என்று சொல்வதைவிட, முந்தைய வாசிப்பின் விளைவை நாடே கண்டுவிட்ட பிறகு அதே வாசிப்பைத் தொடர முடியாத நிலை வந்துவிட்டது என்று சொல்வது பொருத்தம். பதினான்கு என்ற எண்ணுள்ள சமத்துவப் பிரிவு இந்த இணைப்புக்குள் வந்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா தம் இடமாற்றத்தை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால், தன்னிச்சையான அதிகாரமும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது. மேனகா காந்திக்கும் உடனடிப் பயன் கிடைக்கவில்லை: அவர் தரப்பை விசாரிப்பதாக அரசு உறுதியளித்ததை ஏற்று, பெரும்பான்மை பறிமுதல் ஆணையை ரத்து செய்யாமலே விட்டது. உரிமையின் பொருளை விரித்த வழக்குகள் பலவற்றில் வழக்குத் தொடுத்தவர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

1978இல் நாடாளுமன்றமும் தன் பங்கைச் செய்தது. நெருக்கடிநிலையிலும் 20, 21ஆவது பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று 44ஆவது திருத்தம் வகைசெய்தது. பொருள் மாற்றம் நீதிமன்றத்தின் தனிச்செயல் என்ற எண்ணத்துக்கு இது மறுப்பு. வாசிப்பும் திருத்தமும் ஒன்றையொன்று பின்தொடர்கின்றன.

அதற்குப் பிந்தைய ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 21ஆவது பிரிவு விரிந்த வேகம் வியப்பூட்டுவது. பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற விதி தளர்த்தப்பட்டதும், அதுவரை நீதிமன்ற வாசலைக் காணாதவர்களின் கேள்விகள் உள்ளே வந்தன. குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே பீகார்ச் சிறைகளில் கிடந்தவர்களின் வழக்கில், 1979இல், விரைவான விசாரணை உரிமையாயிற்று. 1981இல் உயிர் என்பது கண்ணியத்தோடு வாழ்வதைக் குறிக்கும் என்றது நீதிமன்றம். 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் வாழ்வாதாரம் அதனுள் வந்தது. 1993இல் பதினான்கு வயது வரையிலான கல்வி உரிமை அதிலிருந்து வருவிக்கப்பட்டது. 2002இல் 86ஆவது திருத்தம் அதை 21அ என்ற தனிப் பிரிவாகவே எழுதிவைத்தது. 1996இல் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது.

இந்த விரிவை வாழ்த்தும்போதே ஒன்றைச் சொல்ல வேண்டும். உரிமையை அறிவிப்பதும் நிவாரணம் தருவதும் ஒன்றல்ல. நடைபாதைவாசிகள் வழக்கில் வாழ்வாதார உரிமையை உயர்ந்த மொழியில் ஏற்ற அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்தபின் அவர்களை அப்புறப்படுத்தலாம் என்றும் அனுமதித்தது. பழைய கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கே மாற்றிடம் உறுதியாயிற்று. காரணங்களை முழுமையாக வகுக்காமல் உரிமைகளின் பட்டியலை மட்டும் நீட்டினால், ஒவ்வொரு உரிமையும் அரசிடம் கேட்கக்கூடிய கடமை எது, அதன் எல்லை எது என்பவை மங்கிப்போகின்றன. நீதிபதிகள் சட்டம் இயற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு உண்மையான வலு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

பிற நாடுகளின் அனுபவம் இதை இன்னும் தெளிவாக்கும். கனடாவின் மேலவையில் அமரத் தகுதியுள்ள ‘நபர்கள்’ என்பதில் பெண்கள் அடங்குவார்களா என்று ஐந்து பெண்கள் கேட்டபோது, 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் பெண்களை நினைத்திருக்க மாட்டார்கள் என்ற அடிப்படையில் 1928இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தது. அடுத்த ஆண்டு, அப்போது கனடாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் திருப்பியது. அரசமைப்பு என்பது தன் இயல்பான எல்லைக்குள் வளரக்கூடிய உயிருள்ள மரம் என்று சாங்கி பிரபு எழுதிய வரியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ‘எல்லைக்குள்’ என்ற பகுதியைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அமெரிக்காவில் மிக வேகமான திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. கொடிக்கு வணக்கம் செலுத்துவது தங்கள் சமய நம்பிக்கைக்கு எதிரானது என்று மறுத்த யெகோவா சாட்சிகள் பிரிவுக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது சரியே என்று 1940இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், பி.என். ராவுக்கு அறிவுரை சொன்ன அதே ஃபிராங்க்ஃபர்ட்டர். சட்டமன்றங்களின் முடிவில் நீதிமன்றம் தலையிடலாகாது என்ற அவருடைய நிலைப்பாடு இரண்டிலும் ஒன்றே. தீர்ப்பைத் தொடர்ந்து அந்தச் சமயப் பிரிவினர்மீது நாடெங்கும் தாக்குதல்கள் நடந்தன. 1942இல் பெரும்பான்மையில் இருந்த மூவர், வேறொரு வழக்கில், தாங்கள் தவறிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார்கள். இரு புதிய நீதிபதிகள் வந்தார்கள். 1943இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அத்தீர்ப்பு வீழ்ந்தது. நீதிபதிகள் மாறியது உண்மைதான். ஆனால் மாற்றம் நிலைத்ததற்கு அது காரணம் அல்ல. முதல் தீர்ப்பு சமயச் சுதந்திரத்தின் பேரில் விலக்கு தரலாமா என்று கேட்டது. இரண்டாவது, நம்பாத ஒன்றை வாயால் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த அரசுக்கு முதலில் அதிகாரம் உண்டா என்று கேட்டது. கேள்வியே மாறிவிட்டதால் பழைய விடைக்குத் திரும்ப வழியில்லாமல் போயிற்று. அதே பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் கேரளத்தில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, நம் உச்ச நீதிமன்றம் 1986இல் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது.

அமெரிக்காவில் நிற முறையில் பள்ளிகளைப் பிரித்து வைக்கும் சட்டங்களை ஒழித்த 1954 மே 17 தீர்ப்பு இதைவிடப் பொறுமையான உழைப்பின் பயன். பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்ற 1896ஆம் ஆண்டு நெறியை, கறுப்பின மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்த எடுப்பில் மோதவில்லை. முதலில் சட்டக் கல்லூரி, முதுநிலைப் படிப்பு வழக்குகளில், அந்த நெறியின்படியே பார்த்தாலும் சமத்துவம் இல்லை என்று நிறுவினார்கள். இவ்வாறு பல ஆண்டுகள் சேர்ந்த சான்றுகளின்மேல்தான், பிரிப்பதே சமத்துவ மறுப்பு என்ற கூற்று நின்றது. 1896இல் தனித்து மாறுபட்ட நீதிபதி ஹார்லனின் வாதம் 58 ஆண்டுகள் காத்திருந்தது.

எதிர்த்திசைப் பயணமும் நடக்கும். கருக்கலைப்பை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கண்டது. 2022 ஜூன் 24 அன்று அது நீக்கப்பட்டது. அரசமைப்பில் வெளிப்படையாகக் கூறப்படாத உரிமை நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றியிருக்க வேண்டும் என்பது அப்போது கையாளப்பட்ட அளவுகோல். பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லாத காலத்தின் சட்டங்களை வைத்துப் பெண்களின் உரிமையை அளப்பதில் உள்ள அநீதியை நான் ஆழமாக உணர்கிறேன். அதே வேளையில், 1973 தீர்ப்பின் காரணங்கள் மெலிந்தவை என்று அந்த உரிமையை ஆதரித்த அறிஞர்கள் சிலரே தொடர்ந்து கவலைப்பட்டுவந்ததையும் மறைக்க முடியாது. இங்கே, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் வரம்பை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் குறைத்தது. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்றும் குறிப்பிட்டு அதைத் திருப்பியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் 2013 தீர்ப்பைத் தள்ளினார்கள். இந்த மூன்றாவது திருப்பத்துக்கு வழிவிட்டது 2017இன் அந்தரங்கத் தீர்ப்பு. உரிமை என்பது எண்ணிக்கை பார்த்துத் தரப்படுவது அல்ல என்று அதிலேயே எழுதப்பட்டுவிட்டது. நெருக்கடிநிலைத் தீர்ப்பை முறைப்படி நீக்கியதும் அதே 2017 தீர்ப்புதான். அந்தப் பகுதியை எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976 பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கு அறிந்த சமத்துவப் பிரிவின் வரலாறு வேறொரு வகையில் அமைந்தது. கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு பதினான்கு இடங்களையும் வகுப்புவாரியாகப் பிரித்த சென்னை மாகாண அரசாணையை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சென்னை மாகாணத்தில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, அதே ஆண்டில் முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்தது. சொற்களே மாறியதால் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றலாம். ஆனால் நீதிமன்றம் அதற்குப் பிறகும் இடஒதுக்கீட்டைச் சமத்துவத்துக்கு ஒரு விதிவிலக்காகவே படித்தது. விதிவிலக்கு எப்போதும் குறுகலாகவே படிக்கப்படும். 1975இல் கேரள அரசு ஊழியர் என்.எம். தாமஸ் வழக்கில்தான், சமமற்றவர்களைச் சமநிலைக்குக் கொண்டுவருவது சமத்துவத்தின் ஒரு முகமே என்ற வாசிப்பு பெரும்பான்மை பெற்றது. 1992இல் மண்டல் வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. திருத்தம் வந்த பின்னும், அதைப் படிக்கும் கண் மாற இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இத்தனை விரிவுக்குப் பிறகும் ஏறத்தாழ அசையாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு, அது தடுப்புக்காவல். 1981இல் கண்ணியம் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வரிகள் எழுதப்பட்டதே ஒரு தடுப்புக்காவல் கைதியின் வழக்கில்தான். அதில் அவருக்குக் கிடைத்தவை குடும்பத்தையும் வழக்கறிஞரையும் சந்திக்கும் வசதிகள். அதே ஆண்டு டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. காவல் ஆணைகளை மறுஆய்வு செய்யும் அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்கு இல்லை, அரசு சட்ட வல்லுநரைக் கொண்டுவந்தால் மட்டும் கைதிக்கும் அந்த வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். குழுமத்தின் கருத்து இல்லாமல் ஒருவரை வைத்திருக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொன்ன 44ஆவது திருத்தத்தின் பகுதி, நாடாளுமன்றம் நிறைவேற்றியும் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதை நடைமுறைப்படுத்தும்படி அரசுக்கு ஆணையிடவும் அந்த வழக்கில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மக்கள் வழக்கில் குண்டர் சட்டம் எனப்படுவதன்படி, ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்க முடியும். உயர் நீதிமன்றத்துக்கு வரும் ஆட்கொணர்வு மனுக்களில் கைதிகள் விடுவிக்கப்படும்போது, பெரும்பாலும் காரணமாவது கைதியின் முறையீட்டைப் பரிசீலிப்பதில் நேர்ந்த தாமதம், ஆவணத்தின் தெளிவற்ற நகல், மொழிபெயர்ப்பு தராமை போன்ற குறைகள்தான். சாதாரணச் சட்டம் ஒழுங்குச் சிக்கலுக்கும் பொது அமைதிக்குக் கேடு விளைவிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1966லேயே வகுத்தது. அண்மை ஆண்டுகளில் தெலங்கானா வழக்குகளில் அதை மீண்டும் கண்டிப்போடு நினைவூட்டியுள்ளது. இவை அனைத்தும் ஒவ்வோர் ஆணையையும் தனித்தனியே திருத்துபவை. விசாரணையின்றி அடைக்கும் நடைமுறையே நியாயமானதா என்ற கேள்வியை 1978இன் முழு அளவுகோலால் கேட்பதற்கு 22ஆவது பிரிவின் சொற்களே தடையாக நிற்கின்றன என்பது அரசுத் தரப்பின் நிலையான பதில். 1950இல் 21ஆவது பிரிவைப் பற்றியும் இதே பதில்தான் சொல்லப்பட்டது. அந்தத் தடையைத் தாண்ட வேண்டிய கருவிகள், அதாவது பிரிவுகளைச் சேர்த்துப் படிக்கும் முறை, 14ஆவது பிரிவின் தன்னிச்சைத் தடை, 2017இன் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு ஆகிய எல்லாமே இன்று கைவசம் உள்ளன. ஏ.கே. ராய் வழக்கின் 1981 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி ஏழு அல்லது ஒன்பது நீதிபதிகள் அமர்வின் முன் அவற்றை ஒருசேர வைத்து வாதிடும் வழக்குதான் இன்னும் தேவைப்படுகிறது.